சிந்தாமல் நின்ற இருநூறு லிட்டர்

எங்கள் சி பிளாக் மூன்றாவது மாடியில், இருபத்தேழாம் எண் வீட்டில், என் பொண்டாட்டி கஸ்தூரி வைத்திருந்த மீன்தொட்டியின் முன்பக்கக் கண்ணாடி ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் நாலேகால் மணிக்குக் கழன்று விழுந்தது, விழுந்து இரண்டாக உடைந்தது, ஆனால் உள்ளே இருந்த இருநூறு லிட்டர் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அது பாட்டுக்கு அப்படியே நின்றது. இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் யாராக இருந்தாலும் என் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொள்ளலாம், பாதி வழியானாலும் பரவாயில்லை. நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறேன், பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் ஓட்டினேன், ஆனால் என் பொண்டாட்டி விஷயத்தில் யாரும் சிரிக்கக் கூடாது.

முதலில் கஸ்தூரி யார் என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கு வேலை ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில். டீச்சர் வேலை இல்லை, உதவியாளர் வேலை, அதாவது பிள்ளைகள் சோதனை செய்து முடித்த கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வேலை. பதினெட்டு வருஷமாக அவள் கழுவிய குழாய்களைத் தரையில் வரிசையாக வைத்தால் எங்கள் தெருமுனையிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் போகும், ஆனால் அந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட, ஒரு குழாயில் ஒரு சொட்டு மருந்து விட்டு என்ன நிறம் வருகிறது என்று பார்க்க அவளை யாரும் விட்டதில்லை. ஒரு தடவை யாரோ விட்டுவிட்டுப் போன குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றவளிடம் அங்கிருந்த சார், "கஸ்தூரி, உன் வேலை கழுவுறது, பாக்குறது இல்ல" என்று சொல்லிவிட்டாராம். அதை அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னாள், அதனால் எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் சித்திரை முடிந்த கையோடு அவள் மீன்தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது நான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நாலடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அளவு சொல்லிச் செய்த தொட்டி. அதை என் ஆட்டோவில் குறுக்கே வைத்து, கயிறு கட்டி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி மெதுவாக ஓட்டிவந்து, மூன்று மாடி ஏற்றி வைத்தோம். தண்ணீர் ஊற்றினாள், காற்று மோட்டாரில் பஞ்சு ஃபில்டரை மாட்டிக் குமிழி விட்டாள், சரி இனி மீன் வரப்போகிறது என்று பிளாக்கே பார்க்க வந்தது, கஸ்தூரி சமையலறைக்குப் போய் உரித்த இறால் ஒன்றை, ஒரே ஒரு செத்த இறாலை எடுத்துவந்து தொட்டியில் போட்டுவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தாள்.

எதிர்வீட்டு நசீமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏன்டி கஸ்தூரி, மீனே இல்லாத தொட்டிக்கு இறா எதுக்கு? தொட்டிக்கு நாக்கு செத்துப்போச்சா?"

"இறா அழுகும் நசீமா. அழுகினா அமோனியா வரும், அது மீனுக்கு விஷம். அந்த விஷத்தைத் தின்னுற கிருமி ஒண்ணு இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, அது தானா வந்து இந்தப் பஞ்சுல குடியேறணும். அது தின்னுட்டுப் போடுறதும் விஷம்தான், அதைத் தின்ன இன்னொரு கிருமி வரணும். ரெண்டும் வந்து சேந்தாதான் மீன். அது வரைக்கும் இந்தத் தண்ணி பச்சப்புள்ள. பச்சப்புள்ளகிட்ட யாராவது உசுரை ஒப்படைப்பாங்களா?"

முப்பத்தெட்டு நாள் இப்படிப் போனது. தினமும் காலை ஆறு மணிக்குக் கஸ்தூரி கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, எட்டுச் சொட்டு மருந்து விட்டு, குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருந்து, வராந்தா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிற அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பாள். முதல் குழாய் அமோனியாவுக்கு. மஞ்சள் என்றால் நல்லது, பச்சை என்றால் கெட்டது. இரண்டாவது குழாய் அதற்கு அடுத்த விஷத்துக்கு. வானநீலம் நல்லது, ஊதா கெட்டது. பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவாள். முதலில் பச்சை ஏறியது, பிறகு பச்சை இறங்கி ஊதா ஏறியது, வீட்டில் நாற்றம் தாங்கவில்லை, கீழ்வீட்டுக்காரர்கள் கேட்டபோது பக்கத்துத் தெருவில் சாக்கடை என்று நான் கூசாமல் புளுகினேன். முப்பத்தெட்டாம் நாள் காலையில் ஒரு கையில் மஞ்சளும் ஒரு கையில் நீலமுமாக அவள் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தாள், வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏங்க, தண்ணி பழுத்துடுச்சு" என்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

பிறகும் அவசரப்படவில்லை. இரண்டு கப்பி மீன், ஒரு வாரம் பார்த்து இன்னும் நாலு கப்பி, கடைசியாக ஒரு ஜோடி கருப்பு மோலி. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போகத் திறந்துவைத்த தண்ணீரை ஊற்றுவாள். எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை வந்தது, கண்ணாடி விழுந்தது, தண்ணீர் நின்றது.

நான் டீ குடிக்க வீட்டுக்கு வந்திருந்தேன். சத்தம் கேட்டு டம்ளரோடு ஓடினால், கஸ்தூரி தண்ணீரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், "செருப்புப் போட்டுக்கிட்டு வாங்க, கண்ணாடி கெடக்கு" என்றாள். துடைப்பம் எடுத்துச் சில்லை எல்லாம் கூட்டினாள், ஒரு துளி ஈரம் இல்லாத தரையை ஒரு தடவை துடைத்தாள், பிறகு குழாயை எடுத்து ஐந்து மில்லி முகந்து எட்டுச் சொட்டு விட்டாள். மஞ்சள். அடுத்தது, நீலம். "தண்ணி நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு அரிசி ஊறப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மற்ற மூன்று பக்கத்துக் கண்ணாடியையும் பிளேடு வைத்துக் கீறிக் கழற்றி மாடிப்படி அடியில் சாத்திவைத்தாள், தினமும் பாசி துடைக்கிற வேலை மிச்சம் என்று. அடிக் கண்ணாடியின்மேல் நாலடி நீளத்துக்குத் தண்ணீர், சுவர் மாதிரி, நாலு மூலையும் கூராக, உள்ளே மீன்கள். மோலி ஓரம் வரைக்கும் வந்து மூக்கை நீட்டிப் பார்க்கும், திரும்பிப் போய்விடும், அதற்குத் தன் வீடு எது வரைக்கும் என்று தெரியும். எங்கள் பிளாக்கின் பூனை ஒரு நாள் பக்கவாட்டிலிருந்து கையை விட்டு, முழங்கை வரை நனைந்து, அவமானப்பட்டுப் போய் ஒரு வாரம் எங்கள் மாடிக்கே வரவில்லை.

கீழ்வீட்டில் தாமோதரன் சார் இருக்கிறார், மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அவர் டேப் எடுத்துவந்து சுவரிலிருந்து தண்ணீர் வரை அளந்தார், கீழே போய் அளந்தார், மறுபடியும் மேலே வந்தார், மூச்சு வாங்கியது.

"ஏம்மா கஸ்தூரி, இது விழுந்தா எங்க விழும்?"

"உங்க கட்டில் மேலதான் சார்."

"ஒரு மரியாதைக்காவது இல்லைன்னு சொல்லக் கூடாதா?"

"அளந்துட்டுதானே சார் வந்தீங்க."

"பேசாம ஒரு ட்ரம்முல ஊத்திடும்மா. நானே ட்ரம் தரேன்."

"தானா நிக்கிறதைப் புடிச்சு எதுக்கு சார் உள்ள போடணும்?" என்றாள் கஸ்தூரி, ரொம்ப மரியாதையாகத்தான். தாமோதரன் சார் போய்க் கட்டிலை ஹாலுக்கு நகர்த்திக்கொண்டு மனு எழுத உட்கார்ந்தார்.

மற்றவர்கள் அப்படி இல்லை. புரட்டாசி முதல் சனிக்கிழமை ஏ பிளாக்கிலிருந்து பத்துப் பெண்கள் குளித்துத் தலை முடிந்து வந்தார்கள், நாமம் போட்ட சொம்போடு இரண்டு பேர் வந்தார்கள், அடுத்த தெருவிலிருந்து ஒரு மாமி வெல்லம் கொண்டுவந்தார், கோயில் குளத்துக்குப் போடுகிற மாதிரி எல்லோரும் பொரி போட்டார்கள், வெல்லம் கரைத்தார்கள், மரு உதிர வேண்டுமென்று ஒருத்தர் உப்பும் மிளகும் போட்டார், நான் வாசலில் தர்மகர்த்தா மாதிரி நின்று வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தேன், கஸ்தூரி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் ஒரு படி பொரி உள்ளே போயிருந்தது. என்ன செய்ய, எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் குழாய் இளம்பச்சையாக வந்தது, தண்ணீரின் முன்பக்கம் கொஞ்சமாகத் தொப்பை போட்டிருந்தது. கஸ்தூரி ஊறிய பொரியை எல்லாம் வலை போட்டு அள்ளினாள், கால்வாசித் தண்ணீரை மாற்றினாள், மறுநாளும் மாற்றினாள், மஞ்சள் வந்தது, தொப்பை உள்ளே போனது. அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது, குழாயில் நிறம் எப்படியோ அப்படித்தான் தண்ணீரின் நிற்பும். நோட்டில் அவள் இன்னொரு கட்டம் போட்டாள், அதில் ஒவ்வொரு நாளும் 'நேர்' அல்லது 'தொப்பை' என்று எழுதினாள். அடுத்த சனிக்கிழமை வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தினாள். "கும்புடுங்க, வேணாம்னு சொல்லல. வெறுங்கையோட கும்புடுங்க" என்றாள். கொஞ்சம் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், மறுவாரம் வெறுங்கையோடு வந்தார்கள்.

தாமோதரன் சாரின் மனுவுக்குக் குடியிருப்பு வாரியத்திலிருந்து பதில் வந்தது. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பொறியாளர் வந்து பார்ப்பார், அன்றைக்குத் தண்ணீர் நேராக நின்றால் நிற்கலாம், கோணல் இருந்தால் அன்றைக்கே வடித்துவிட வேண்டும். கஸ்தூரி காகிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"பதினெட்டு வருஷம் அடுத்தவங்க பண்ணின சோதனையோட கறையைக் கழுவினேன். இது ஒண்ணுதாங்க நான் பண்ணினது. இதையும் கொண்டுபோய்ச் சாக்கடையில ஊத்தச் சொன்னா, அப்புறம் நான் அந்த ஸ்கூல் வாசப்படியை எப்படி மிதிப்பேன்?"

"எவன் வந்து ஊத்துறான்னு நானும் பாக்குறேன்" என்றேன் நான். இப்படிச் சொன்ன வாயை என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஆட்டோக்காரனுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. பூஜைக்கு முதல் நாள் கஸ்தூரியின் ஆய்வுக்கூடத்திலும் பூஜை என்பதால் அவள் காலையிலேயே போய்விட்டாள், நான் வண்டியை நுரை போட்டுக் கழுவினேன், டயருக்கு அடியெல்லாம் தேய்த்தேன், வீட்டுக்கு வந்து அரிவாள்மணையைக் கழுவினேன், குக்கரைக் கழுவினேன், தையல் மெஷினைத் துடைத்தேன், வீட்டில் வேலை செய்கிற சாமான் இன்னும் எதுவென்று சுற்றிலும் பார்த்தால் அந்தப் பஞ்சு ஃபில்டர், பழுப்பு நிறத்தில், வழவழவென்று, பார்க்கவே சகிக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தது. ஐயோ பாவம், இந்த வீட்டிலேயே இருபத்துநாலு மணி நேரமும் உழைக்கிறது இதுதானே, இதற்கா பூஜை இல்லை என்று எனக்கு மனசு கரைந்தது. எடுத்தேன், சோப்புப் போட்டேன், குழாயடியில் வைத்துப் பிழிந்தேன், வெள்ளைத் தண்ணீர் வரும்வரை பிழிந்தேன், மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன், காய்ந்து பூ மாதிரி ஆனதை மறுபடி மாட்டி, மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு கைகளையும் கூப்பி, என் பொண்டாட்டி தண்ணீரைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை வராந்தாவிலிருந்து கஸ்தூரி உள்ளே வரவில்லை. நான் போய்ப் பார்த்தால் குழாய் அவள் கையில் வேப்பிலைப் பச்சையாக இருக்கிறது. உள்ளே தண்ணீர், முதுகு பிடித்துக்கொண்ட ஆள் மாதிரி, முன்பக்கம் ஒரு சாண் குனிந்து நிற்கிறது, அதன் ஓரத்திலிருந்து முதல் தடவையாக ஒரு சொட்டு, அப்புறம் ஒரு சொட்டு.

அவள் கையை விட்டுப் பஞ்சைத் தொட்டாள். தொட்டவுடன் தெரிந்துவிட்டது.

"யோவ். பஞ்சை யாரு கழுவினது?"

நான் சொன்னேன். சோப்பையும் சொன்னேன், வெயிலையும் சொன்னேன், கும்பிட்டதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பத்தெட்டு நாள் காத்திருந்து வரவழைச்ச குடித்தனம்யா அது. அத்தனையும் அந்தப் பஞ்சுலதான் இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மீனையாவது பக்கெட்டில் எடுத்துப் போட்டுவிடலாமே என்று கெஞ்சினேன். "பக்கெட்டுத் தண்ணி இன்னும் பச்சத்தண்ணி, அங்க போட்டா நாளைக்கே செத்துடும். இங்கதான் மறுபடி வளக்கணும். தினம் கால்வாசி மாத்தணும், விஷம் தலைக்கு மேல போகாம பாத்துக்கணும், கிருமி திரும்ப வர்ற வரைக்கும் மீனும் இருக்கணும், தண்ணியும் நிக்கணும்" என்றாள். தினமும் ஐம்பது லிட்டர், ஒரு நாள் முழுக்கத் திறந்துவைத்துக் குளோரின் போன தண்ணீர் வேண்டும். லாரித் தண்ணீர் குடத்துக்கு வரிசை கட்டுகிற எங்கள் குடியிருப்பில் அதற்கு எங்கே போவது?

தாமோதரன் சார் வீட்டு மேற்கூரையில் ஈரம் இறங்கியது. அவர் மேலே வந்தார், நான் சண்டைக்குத் தயாராக லுங்கியை மடித்துக் கட்டினேன், அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிமிந்துடுமாம்மா?"

"தெரியல சார். தண்ணி கெடைச்சா பாக்கலாம்."

அவர் இறங்கிப் போனார், செயலாளர் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டினார்: நாற்பத்தெட்டு வீட்டிலும் முறைவைத்து, நாளொன்றுக்கு மூன்று வீட்டார், ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர் முதல் நாளே பிடித்து மூடாமல் வாசலில் வைக்க வேண்டியது. தன் தலைமேல் விழப்போகிறதைத் தன் கையாலேயே தாங்குவது என்று முடிவு செய்துவிட்ட மனுஷனை அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை.

அந்தப் பதினாறு நாளும் எங்கள் பிளாக்கைப் பார்த்திருக்க வேண்டும். படிக்கட்டு நெடுக, வாசலுக்கு வாசல், பக்கெட்டில் தண்ணீர் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும், அதில் யாரும் கால் அலம்ப மாட்டார்கள், பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள், அதன் பக்கத்தில் நின்று யாரும் இருமக்கூட மாட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கஸ்தூரி மூன்று பக்கெட்டிலும் குளோரினுக்கான சொட்டு விட்டுப் பார்ப்பாள், குழாயில் நிறம் வராவிட்டால் ஏற்பாள், மஞ்சள் தட்டினால் திருப்பி அனுப்புவாள், அதில் முகதாட்சண்யம் கிடையாது. நாலாம் நாள் தாமோதரன் சாரின் முறை. அவர் மரியாதைக்காகப் பக்கெட்டை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார், குழாய் பளிச்சென்று மஞ்சளானது.

"இது வேணாம் சார்."

"செயலாளர் பக்கெட்டும்மா."

"அது தண்ணிக்குத் தெரியாதே சார்."

மூன்று மாடியும் கைப்பிடிச் சுவரில் தொங்கி வேடிக்கை பார்த்தது. அவர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், மறுநாள் வேறொரு பக்கெட்டோடு வந்தார். "இதுல ஒண்ணும் போடல. என் கைகூடப் படல" என்றார். குழாயில் நிறம் வரவில்லை, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு படி இறங்கின அழகைப் பார்க்க வேண்டுமே, சங்கத் தேர்தலில் ஜெயித்தபோதுகூட அவர் அப்படி நடக்கவில்லை.

ஐந்தாம் நாள் மோலி ஒன்று செத்தது. நான் கொன்ற மீன் அது, வேறு என்ன சொல்ல. வண்டி எடுக்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கஸ்தூரி நோட்டில் 'மோலி ஒன்று போச்சு' என்று மட்டும் எழுதினாள்.

"காரணம் எழுதலையா?" என்று கேட்டேன்.

"காரணம் முன்னால உக்காந்து அழுவுது. அதை எழுதி என்ன ஆகப்போவுது? போய் வண்டியை எடுங்க" என்றாள். அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு, விழுந்திருந்தால் பக்கெட்டைத் தட்டிவிட்டிருப்பேன்.

பச்சை மெல்ல வெளுத்தது, அது வெளுக்க வெளுக்க ஊதா ஏறியது, ஊதா ஏறுகிறதென்றால் முதல் கிருமி திரும்பிவிட்டது, இரண்டாவது இன்னும் வழியில் இருக்கிறது என்று அர்த்தம் என்று கஸ்தூரி சொன்னாள், அதை நசீமா பிளாக்குக்குச் சொன்னாள், பிளாக் தெருவுக்குச் சொன்னது, பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள் என்னைப் பிடித்து, "அண்ணே, ரெண்டாவது வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். தண்ணீர் ஒரு சாண் குனிந்திருந்தது நாலு விரலானது, மூன்று விரலானது. வியாழக்கிழமை காலையில் அமோனியா மஞ்சள், ஆனால் இரண்டாவது குழாயில் ஊதா இன்னும் மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது, தண்ணீர் இரண்டு விரல் சாய்ந்திருந்தது, மறுநாள் பொறியாளர்.

எனக்குத் தாங்கவில்லை. "அந்தப் பழைய கண்ணாடி ஒண்ணை முன்னால முட்டுக்குடுத்து வச்சிடலாமா? நாளைக்கு ஒரு நாளுக்குத்தான். கேட்டா நீலம்னு சொல்லிடு, அவருக்கு என்ன தெரியப்போவுது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாசல் வரை பின்னால் போய்விட்டேன். "என்ன கலரோ அதைத்தான் சொல்லணும். ஊதான்னா ஊதா. பொய்க் கலர் சொல்றதுக்கா நான் இத்தனை நாளு காலையில எந்திரிச்சேன்?"

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவள் குழாயைக் குலுக்கினாள். ஐந்து நிமிஷம். நசீமா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள், தாமோதரன் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், நான் எந்தச் சாமியையும் கூப்பிடப் பயந்துகொண்டு சும்மா நின்றேன். நீலம். மழை விட்ட காலை வானம் இருக்கிறதே, அந்த நீலம். உள்ளே போய்ப் பார்த்தால் தண்ணீர் நிமிர்ந்து, நாலு மூலையும் கூராக நின்றது, மிச்சமிருந்த மோலி ஒன்றும் கப்பி ஆறும் அதில் சுற்றிக்கொண்டிருந்தன.

பொறியாளர் இளவழகன் பதினொரு மணிக்கு வந்தார், பேச்சு குறைவான மனுஷர். தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டார், நூலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு தாள் போகவில்லை. ரசமட்டத்தைத் தண்ணீரின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தார், குமிழி நட்டநடுவில் உட்கார்ந்தது. நாலு பக்கமும் பார்த்தார். கட்டடங்களில்கூட இவ்வளவு நேரான சுவர் பார்த்ததில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், பிறகு காகிதத்தை எடுத்தார்.

"எதால நிக்குதுன்னு எழுதணும். எதால நிக்குது?"

ஏ பிளாக் பெண்கள் தாயார் அருள் என்றார்கள். நசீமா, தான் ஓதியதைச் சொன்னாள். தாமோதரன் சார், "நாப்பத்தெட்டு பக்கெட் சார்" என்றார். நான் வாயைத் திறந்தேன், கஸ்தூரி பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் பொறியாளர்.

"எதால நிக்குதுன்னு எனக்குத் தெரியாது சார். இன்னைக்கு நிக்கும், அது தெரியும். காலையில பாத்தேன். நாளைக்கு நிக்குமான்னு நாளைக்குக் காலையில பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்."

நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே வாங்கியவர் முதல் பக்கத்தில் இறாலைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார், ஒவ்வொரு தேதியாக, பச்சை, ஊதா, மஞ்சள், நேர், தொப்பை, பொரி, பஞ்சு, மோலி ஒன்று போச்சு என்று கடைசிப் பக்கம் வரை படித்தார், டீ ஆறிப்போனது. பிறகு பேனாவை எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்: "தண்ணீர் நிற்கலாம். நிற்குமா என்பதைத் தினமும் காலை திருமதி கஸ்தூரி பரிசோதித்துச் சொல்வார். அவர் சொல்வதே முடிவு."

யாரும் கை தட்டவில்லை. தாமோதரன் சார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்க ஆட்கள். பல் துலக்காதவர்கள், பால் பாக்கெட்டோடு இருந்தவர்கள், ஷிஃப்டுக்குப் போக பேக் மாட்டினவர்கள், ஏ பிளாக், பி பிளாக், முதல் படியில் தாமோதரன் சார், காத்திருந்தார்கள். கஸ்தூரி குழாயோடு வராந்தாவுக்கு வந்தாள். அவர்களைப் பார்த்தாள், ஆனால் அவர்களுக்காக ஒரு நொடிகூட அவசரப்படவில்லை, எட்டுச் சொட்டை எண்ணி விட்டாள், குலுக்கினாள், முழு ஐந்து நிமிஷம் அத்தனை பேரையும் நிற்கவைத்துவிட்டுக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள், ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தாள், மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள், என் பொண்டாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த ஊரே அவள் பார்த்து முடிப்பதற்காக நின்றுகொண்டிருந்தது.

"இன்னைக்கு நிக்கும்" என்றாள்.

சரிம்மா என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.